ஊமை ஹெலிகாப்டர் வேண்டாம்

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களுக்கு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் ஒன்று வேண்டும் என்று என்னிடம் வாதாடும் நண்பர்கள் சிலர் உண்டு. நல்லவர்கள், மனத்தில் ஈரம் உள்ளவர்கள். வடநாட்டில் வந்துவிட்டதே, நமக்கு எப்போது என்று கேட்கிறார்கள். அவர்களோடு சண்டை போடுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஹெலிகாப்டர் வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பேசத் தெரியாத ஹெலிகாப்டர் வேண்டாம் என்பதே என் கட்சி. மேலே இருப்பவன் சொல்வது கீழே இருப்பவனுக்குக் கேட்க வேண்டும். கீழே இருப்பவன் சொல்வது மேலே இருப்பவனுக்குக் கேட்க வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாட்டைச் செய்யாமல் கோடி கோடியாகக் கொட்டி எந்திரம் வாங்கினால், அது திருவிழா ராட்டினத்துக்கு ஒரு படிகூட உயர்ந்ததாகாது. ராட்டினமாவது ஏறியவனைப் பத்திரமாக இறக்கிவிடுகிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஹெலிகாப்டரின் மகிமை எனக்குத் தெரியும். கதாநாயகி வெள்ளத்தில் சிக்கிக்கொண்டு, அவளைக் கரையேற்ற ஆசிரியருக்கே வழி தெரியாமல் போனால், வானத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டரை இறக்கிவிடலாம், அத்தியாயம் முடிந்துவிடும். சினிமாக்காரர்களுக்கும் இந்த வித்தை தெரியும். ஆனால் நம் முன்னோர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரக் கதாசிரியர்கள். கஜேந்திரனை முதலை பிடித்த கதையை நினைத்துப் பாருங்கள். கருடன் வானத்தில் பறந்து வந்தது பிற்பாடு நடந்த சங்கதி. அதற்கு முன்னால், மடுவில் நின்ற யானை 'ஆதிமூலமே' என்று கூப்பிட்டது. கூப்பிட்ட குரல் வைகுண்டத்தில் கேட்டது. குரல் கேட்டிராவிட்டால் கருடன் இருந்து என்ன பிரயோசனம்?

அனுமார் கதை இன்னும் பொருத்தம். உயிர் காக்கும் மருந்தை ஆகாய மார்க்கமாகக் கொண்டுவந்த முதல் வீரர் அவர்தான். மலைக்குப் போய்ச் சேர்ந்தார். எது சஞ்சீவி என்று அடையாளம் தெரியவில்லை. ஜாம்பவானைக் கேட்டால் சொல்லியிருப்பார். ஆனால் ஜாம்பவான் இலங்கையில், அனுமார் இமயத்தில். கேட்க வழியில்லை. ஆகவே மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தார் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அவர் அனுமார், மலையைத் தூக்கிவிட்டார். நம் விமானிகள் என்ன செய்வார்கள்?

2024 அக்டோபரில் ரிஷிகேசத்து எய்ம்ஸ் மருத்துவமனையில் தொடங்கிய ஹெலிகாப்டர் மருத்துவ சேவைக்குச் சஞ்சீவனி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். பெயரோடு அந்தக் கதையின் பாடத்தையும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி காட்டூருக்கு வருவோம். பொன்னேரித் தாலுகாவில், சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏரிப் பிரதேசத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்து பிரயோசனமில்லை. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. ஆழம் குறைவு, சேறு அதிகம். முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. ஏரியின் நடுவே படகில் இருப்பவனுக்கு மார்வலி வந்தால், படகு கரை சேர வேண்டும். கரையிலிருந்து சாலைக்குத் தூக்கி வர வேண்டும். சாலையிலிருந்து பொன்னேரிக்கு, அங்கே முடியாவிட்டால் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு. ஆகவே ஹெலிகாப்டர் கேட்பவர்களின் ஆசை நியாயமானதே.

சரி, ஆசை நிறைவேறி, ஹெலிகாப்டர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விமானி மேலிருந்து பார்க்கிறார். மணல் திட்டு ஒன்று தெரிகிறது. அது கெட்டி மணலா, கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் சேறா? மேலிருந்து தெரியாது. இறால் பண்ணைக்குப் போகும் மின்கம்பி இருக்கிறதா? கம்பம் தெரியும், கம்பி தெரியாது. மணலில் வலை உலர்த்தியிருக்கிறார்கள். விசிறிக் காற்று அந்த வலையைத் தூக்கி விசிறிக்குள்ளேயே எறிந்தால் என்ன ஆகும் என்று வலை பின்னுகிறவனுக்குத் தெரிந்தால் உடனே சுருட்டி வைத்துவிடுவான். அவனுக்கு யார் சொன்னார்கள்? குடிசைக் கூரையின் தகரமும் தார்பாயும் அதே காற்றில் கத்தியாகப் பறக்கும். வாலில் சுழலும் சின்ன விசிறி கண்ணுக்கே தெரியாது. அதன் அருகே பின்பக்கமாக ஓடி வருகிறவனுக்கு உயிர் மிஞ்சாது. முன்பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி, அவர் தலையசைத்த பிறகுதான் வர வேண்டும்.

இவ்வளவையும் யார் யாருக்குச் சொல்வது? கீழே நூறு பேர் நின்று கையை ஆட்டுவார்கள். 'வா' என்பதற்கும் அதே கைதான். 'வராதே, கம்பி இருக்கிறது' என்பதற்கும் அதே கைதான்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது கடற்படை ஹெலிகாப்டர்கள் மொட்டை மாடிகளிலிருந்து ஜனங்களைக் கயிற்றில் தூக்கிக் காப்பாற்றின. ஆலுவாப் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர்கள் மறுபடி மாடி ஏறி, வர்ணத்தால் பெரிய எழுத்தில் நன்றி என்று எழுதி வைத்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்து உருகாதவர்கள் இல்லை. நானும் உருகினேன். உருகி முடித்த பிறகு யோசித்தேன்: வானத்தில் இருப்பவருக்கு நன்றி சொல்லக்கூட நாம் வர்ணம் பூச வேண்டியிருக்கிறதே! 'என் தாயாருக்கு இருதய நோய், அவளை முதலில் தூக்குங்கள்' என்று சொல்வதற்கு எத்தனை வாளி வர்ணம் வேண்டும்?

இங்கே சாஸ்திர விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், கதையைவிட எளிதானது. ஆகாய விமானங்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ அலை 118 மெகாஹெர்ட்ஸிலிருந்து 137 வரை. கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் அலை 156-ஐ ஒட்டி. ஆபத்தில் கூப்பிடும் பதினாறாம் சானல் 156.8. விமானத்தின் பேச்சு ஏ.எம். என்ற முறையில் போகிறது. படகின் பேச்சு எப்.எம். முறையில் போகிறது. அதாவது ஒருவன் தமிழிலும் மற்றவன் சீனத்திலும், அதுவும் வேறு வேறு அறைகளில் உட்கார்ந்துகொண்டு பேசுவது போல. போலீஸ்காரர்களின் வயர்லெஸ் மூன்றாவது அறை. 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது. அதில் வரும் ஊழியர்கள் நம்பியிருப்பது மொபைல் போனை. அந்த வண்டியை ஓட்டுகிறவருக்குப் பைலட் என்றுதான் உத்தியோகப் பெயர். தரையில் ஒரு பைலட். வானத்தில் ஒரு பைலட். இருவரும் ஒரே நோயாளிக்காக விரைகிறார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள, இருவர் கையிலும் ஒரே அலையில் பேசும் ஒரு கருவியை யாராவது கொடுத்தால்தான் உண்டு. கடலில் தேடி மீட்கும் ஹெலிகாப்டர்களில் பொதுவாகக் கடல் ரேடியோவும் வைத்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கு அது தானாக முளைத்துவிடாது.

"மொபைல் போன் இருக்கிறதே, அது போதாதா?" என்பார் நண்பர். சாதாரண நாளில் போதும். ஹெலிகாப்டர் சாதாரண நாளில் மட்டுமா வேண்டியிருக்கிறது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை நகரத்திலேயே மொபைல் போன்கள் ஊமையானதை இந்தப் பத்தியைப் படிக்கிற பாதிப் பேர் அனுபவித்திருப்பார்கள். கோபுரத்துக்கு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நகரத்தின் கதி அதுவானால், காட்டூரின் கதி என்ன? தவிரவும், மொபைல் போனில் ஒருவர் ஒருவரோடுதான் பேச முடியும். அதுவும் நம்பர் தெரிந்தால். ரேடியோவில் ஒருவர் பேசினால் அந்தச் சானலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். படகில் இருப்பவனுக்கும், ஆம்புலன்ஸில் இருப்பவருக்கும், விமானிக்கும் ஒரே சமயத்தில். ஆபத்து வேளையில் அதுதான் வேண்டும்.

தூரத்துக்கும் பயப்பட வேண்டாம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. படகில் நிற்பவனின் கண்ணுக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டரில் அடிவானம் முடிந்துவிடுகிறது. முந்நூறு மீட்டர் உயரத்தில் வரும் ஹெலிகாப்டருக்கோ அடிவானம் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே இரண்டு படகுக்காரர்கள் பேசிக்கொள்வதைவிடப் படகுக்காரனும் விமானியும் பேசிக்கொள்வது சுலபம். இயற்கை வழிவிட்டிருக்கிறது, நாம்தான் வழியடைத்து உட்கார்ந்திருக்கிறோம்.

இது ஏழை நாட்டின் வியாதி மட்டும்தானா என்றால், இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்களில் ஒன்று இடிந்து விழுந்தது. மற்றதைச் சுற்றிவந்த போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து, இதுவும் அதிக நேரம் நிற்காது என்று எச்சரித்தார்கள். அந்தக் குரல் போலீஸ் ரேடியோவில் ஒலித்தது. கோபுரத்தின் உள்ளே படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் ரேடியோ வேறு, அதில் ஒலிக்கவில்லை. ஏறக்குறைய இருபது நிமிஷம் கழித்து இரண்டாவது கோபுரமும் விழுந்தது. அன்றைய தினம் இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அத்தனை பேரும் ரேடியோ கோளாறால் இறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலகத்தின் மிகப் பணக்கார நகரத்தில், கண் கண்டதைக் காதுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது என்பது அந்நாட்டு விசாரணைக் குழுவே எழுதி வைத்த உண்மை.

வேறொரு நாட்டில் வேறு விதமாக நடந்தது. 1969-இல் மேற்கு ஜெர்மனியில் பியோர்ன் ஸ்டைகர் என்ற எட்டு வயதுப் பையன் மோட்டார் விபத்தில் அடிபட்டான். ஆம்புலன்ஸ் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. காயத்தால் சாக வேண்டியவனல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதிர்ச்சியால் இறந்தான். பெற்றோர் அழுதுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. அதே வருஷம் மகன் பெயரில் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று, ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு ரேடியோ. அன்றைக்கு அந்த வண்டிகள் ஊமை வண்டிகள்! நாடு முழுவதற்கும் ஒரே அவசர நம்பர் வேண்டும் என்று போராடினார்கள். 1973-இல் சர்க்கார் ஒத்துக்கொண்டது. ஹெலிகாப்டர் மீட்புச் சேவை ஒன்று அமைவதற்கும் அவர்கள் துணை நின்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாருக்கு எது முதலில் வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நம் கடற்கரைக்கு வருவோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கடலுக்குப் போயிருந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை; அவர்கள் கூப்பிட்டது கரைக்கு எட்டவில்லை. எங்கள் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும், தேடப் போகும்போது எங்களையும் அழைத்துப் போங்கள் என்று கரையிலிருந்த மீனவர்கள் மன்றாடினார்கள். அந்த மன்றாட்டைத்தான் நான் இந்தக் கட்டுரையின் சாரம் என்கிறேன். தேடுகிறவனிடம் எந்திரம் இருந்தது. தெரிந்தவனிடம் விஷயம் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கும் பேச்சு இல்லை.

அதன் பிறகு கருவிகள் வந்தன. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை வந்த வரிசையைக் கவனியுங்கள். 2010-லிருந்து மீனவர்களுக்குத் தரப்பட்ட ஆபத்து அறிவிப்புக் கருவியில் பொத்தானை அமுக்கினால் செய்தி செயற்கைக்கோள் வழியாக அதிகாரிகளுக்குப் போகும். போயிற்றா இல்லையா என்று அமுக்கியவனுக்குத் தெரியாது. 2019-இல் வந்த ஜெமினி என்ற கருவி வானிலையும் புயலும் சொல்லும். திருப்பிக் கேட்க முடியாது. ஒன்று வாய் மட்டும் உள்ள கருவி. மற்றொன்று காது மட்டும் உள்ள கருவி. 'உன் குரல் கேட்டது, வருகிறோம்' என்று பதில் சொல்லக்கூடிய இரண்டாம் தலைமுறைக் கருவியை 2024-இல்தான் இஸ்ரோ அறிவித்தது. அதே வருஷம் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவி தரும் திட்டமும் தொடங்கியது. நல்ல காரியம்; கைதட்டுகிறேன். ஆனால் இவை எழுத்துச் செய்தி அனுப்புகிறவை. தலைக்கு மேல் இரையும் ஹெலிகாப்டரைப் பார்த்து 'வலப்பக்கம் கம்பி' என்று கத்துவதற்கு ஆனவை அல்ல.

ஒரு பதிலுக்காக இத்தனை வருஷம் ஏன்? விஞ்ஞானம் தெரியாததாலா? காட்டூர்ப் பக்கத்து ஜனங்கள் ஏரிக்கு அப்பால் அண்ணாந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் கிளம்புவது தெரியும். 1971-லிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் சந்திரயான் கிளம்பியது அங்கிருந்துதான். ஏறக்குறைய நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிலவில் இறங்கிய எந்திரத்தோடு நம்மவர்கள் பேசினார்கள். அது பதில் சொன்னது. ராக்கெட் விடும் நாளில், கடலுக்குப் போகாதே என்று இந்த மீனவர்களுக்குத் தவறாமல் உத்தரவு வந்து சேர்கிறது. உத்தரவு வர வழி இருக்கிறது; அபயக் குரல் போக வழி இல்லையா? மேலிருந்து கீழே சொல்வதற்கு என்றால் கருவி உடனே கிடைக்கிறது. கீழிருந்து மேலே சொல்வதற்கு என்றால் கமிட்டி போடுகிறார்கள். இது விஞ்ஞானத்தின் குறை அல்ல. கேட்கும் பழக்கம் இல்லாத மனத்தின் குறை.

"மீனவர்கள் கையில் வயர்லெஸ் கொடுத்தால் வம்பளப்பார்கள், துஷ்பிரயோகம் செய்வார்கள்" என்று சொல்லும் உத்தியோகஸ்தர்களை நான் சந்தித்திருக்கிறேன். 1885-இலும் 1933-இலும் வெள்ளைக்காரன் போட்ட சட்டங்களின் நிழல் அது. குடிஜனங்கள் கம்பியில்லாத் தந்தி வைத்துக்கொண்டால் ராஜ்யம் போய்விடும் என்ற பயம். ராஜ்யமும் போயிற்று, 2023-இல் புதிய சட்டமும் வந்தது. பயம் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வம்பளக்கட்டுமே! அதுதான் நல்லது என்று நான் சொல்வேன். தினமும் கையாளாத கருவி ஆபத்து நாளில் கை கொடுக்காது. பீரோவில் பூட்டிய வயர்லெஸ், பேட்டரி செத்து, கரையான் ஏறிக் கிடக்கும். புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவிய கிராமத் தகவல் நிலையமும் ஒலிபெருக்கியும் அங்கே இருந்தன. ஊர்க்காரர்கள் அன்றாடச் செய்திகளுக்கு அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் கடல் பொங்கும் சேதி அறிந்து டெலிபோன் செய்தார். அந்த ஒலிபெருக்கி உடனே அலறியது. சுமார் 3,600 பேர் தப்பினார்கள். ஒலிபெருக்கியைச் சுனாமிக்கென்று யாரும் வைக்கவில்லை. தினசரி வம்புக்கு வைத்ததுதான் உயிர் காத்தது.

அதே நாளில் அந்தமானில் வேறொரு அதிசயம். அமெச்சூர் ரேடியோக்காரர்களின் குழு ஒன்று பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் போர்ட் பிளேரில் முகாம் போட்டிருந்தது. தீவுகளின் தொடர்பு அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த அந்த ரேடியோவே வெளியுலகத்துக்குச் செய்தி சொல்லும் வாயாக இருந்தது. கருவி இருந்ததோடு, பேசத் தெரிந்த ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதுதான் முக்கியம்.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஆகவே என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும், படகுகளுக்கும், 108 வண்டிகளுக்கும், மேலே வரும் ஹெலிகாப்டருக்கும் பொதுவாக ஒரு சானல் ஒதுக்குங்கள். கையில் பிடிக்கும் ரேடியோக்களை ஊருக்கு இரண்டு கொடுங்கள். அவற்றின் விலை ஆயிரக்கணக்கில், ஹெலிகாப்டரின் விலை கோடிக்கணக்கில். ஊருக்கு இரண்டு பேரைப் பழக்குங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்கள் ஏரிக்குப் போன நேரத்தில் கரையில் இருப்பவள் அவள்தானே? இறங்குவதற்குக் கம்பியில்லாத ஒரு திடலைக் குறித்து, அங்கே வலை உலர்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விமானி பஞ்சாபியாக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம். ஆகவே காற்று, கம்பி, சேறு, வலை, வா, வராதே என்று இருபது வார்த்தைகளை இரு தரப்பாரும் மனப்பாடம் செய்யட்டும். கட்டுப்பாட்டு அறையில் தமிழ் தெரிந்த ஒருவர் எந்நேரமும் இருக்கட்டும். மாதம் ஒரு முறை, நோயாளி இல்லாமலே, ஒத்திகை பாருங்கள்.

இவ்வளவையும் ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னாலேயே செய்யலாம். வராவிட்டாலும் நஷ்டமில்லை, படகும் ஆம்புலன்ஸும் பேசிக்கொண்டாலே சில உயிர்கள் மிஞ்சும். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் முழுகிப் போனார்கள். ரேடியோ இருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் இந்த ஏரி ஆழமில்லாதது, அபாயமில்லாதது என்று யாராவது சொன்னால், அந்த 22 பேரை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

என்றைக்காவது பழவேற்காட்டுக் கரையில் பந்தல் போட்டு, மாலை கட்டி, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்குத் திறப்பு விழா நடக்கலாம். பத்திரிகையில் படமும் வரும். வாசகர்களே, அன்றைக்கு நீங்கள் கைதட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காட்டூரிலிருந்து ஒருத்தி கூப்பிட்டால், மேலே இருப்பவர் எந்தச் சானலில் பதில் சொல்வார்? மேடையில் இருப்பவர்களுக்குப் பதில் தெரிந்திருந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ரேடியோ வாங்கி வரச் சொல்லுங்கள்.